வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால்

"கொஞ்சம் நிறுத்துங்க, இன்னும் ரெண்டு இருக்கு" என்று இறைச்சிக்கூடத்தில் ஒரு பெண்மணி கையைத் தூக்குகிறார். கொக்கியில் தலைகீழாகத் தொங்கி வரும் பன்றிகளின் வரிசை ஒரு குலுக்கலோடு நிற்கிறது. முழங்கால்வரை ரப்பர் காலணி, முழங்கைவரை உறை, புருவத்தைத் தொடும் தொப்பி. இடது கையால் இமையை விலக்குகிறார். வளைந்த கத்தரியை ஓரமாக உள்ளே செலுத்தி, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிய உருண்டையை நரம்போடு அறுத்து எடுத்து, ஈரத்துணியில் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வைக்கிறார். பின்னால் மயிர் சுரண்டக் காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். காலையில் அவர்களுக்கு வேலை தலைக்குமேல் கிடக்கிறது. அவர் காதில் வாங்கிக்கொள்வதில்லை. இரண்டடி தள்ளி வெந்நீர்த் தொட்டி ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. உடல் அதற்குள் இறங்குவதற்கு முன்னால் கண் வெளியே வந்தாக வேண்டும்.

'கண்ணக்கா' என்பது இறைச்சிக்கூடத்துக்காரர்கள் வைத்த பெயர். ஈரலுக்கு ஒருவர் வருகிறார், குடலுக்கு ஒருவர் வருகிறார், கண்ணுக்கு வருகிறவர் இவர் ஒருவர்தான். ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு நீளமான பட்டங்களும், கதவில் ஒரு பெயர்ப்பலகையும் உண்டு. அங்கேயும் முதுகுக்குப் பின்னால் கண்ணக்காதான். நான் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுகிறேன். அதே நிலையத்தில் விஞ்ஞானிகள் எழுதுவதை மனிதர்கள் படிக்கும்படி மாற்றித் தருவது என் பிழைப்பு. திருத்தம் சொன்னால் கோபித்துக்கொள்ளாத விஞ்ஞானி இவர் ஒருவர்தான் என்பதால் எனக்கு இவரைப் பிடித்துப்போனது.

நிலையத்துக்கு வண்டி உண்டு. ஆனால் ஓட்டுநர், "அந்தப் பொட்டிய மட்டும் என் வண்டியில ஏத்தாதீங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆகவே கண்ணக்கா பேருந்தில் போகிறார். மடியில் ஐஸ் பெட்டி. பக்கத்து இருக்கைக்காரர்கள் சும்மா இருப்பார்களா.

"மீனாம்மா?"

"ஆமாங்க."

"என்ன மீனு?"

"முழிச்சிக்கிட்டே இருக்கிற மீனு."

ஒருமுறை ஒரு பெரியவர் விடாப்பிடியாக மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிப் போய்விட்டாராம். அது அவர் இறங்க வேண்டிய இடம் இல்லை என்று கண்ணக்கா அடித்துச் சொல்கிறார்.

பேசும்போது உங்கள் முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்து ஏமாந்துபோகாதீர்கள். கருவிழியைத்தான் பார்க்கிறார். புதிதாக வந்த துறைத் தலைவரை வரவேற்கக் கூட்டம் போட்டிருந்தோம். அவர் தன் திட்டங்களையெல்லாம் சொல்லி முடித்து, யாருக்காவது கேள்வி உண்டா என்றார். கண்ணக்கா எழுந்து, "சார் கான்டாக்ட் லென்ஸோடயே தூங்குறீங்களா?" என்று கேட்டார். தூங்குகிறார் என்பது தெரியவந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

அவர் செய்கிற வேலையை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். கண்ணின் முன்பக்கத்தை, கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி போல, ஒரு தெளிந்த தோல் மூடியிருக்கிறது. கருவிழிப் படலம். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு அந்தப் படலத்தை லேசரால் இழை இழையாகச் செதுக்கி, மூக்குக் கண்ணாடி வேண்டாதபடி செய்கிறார்கள். செதுக்கும்போது மிஞ்சுகிற திசு சூட்டில் வேகிறதா என்பது இவருடைய கேள்வி. அதற்கு நிறமாலை உதவுகிறது. லேசர் பட்ட இடத்தில் மெல்லிய ஒளி ஒன்றைச் செலுத்தினால், சிதறித் திரும்புகிற ஒளியைக் கருவி பிரித்து அளந்து மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரைகிறது. படலம் முழுவதும் கொலாஜன் என்கிற நார். பச்சை நாருக்கு ஒரு கோடு, வெந்த நாருக்கு வேறு கோடு. "முட்டையோட வெள்ளக்கருவ நெனச்சுக்குங்க. வெந்துச்சுன்னா வெந்ததுதான். கெஞ்சினாலும் திரும்பப் பச்சையாகாது" என்பார் கண்ணக்கா.

கோடு வரைகிற அந்தக் கருவிக்கு, நிறமாலைமானிக்கு, அவர் வைத்திருக்கும் பெயர் 'அவன்'. "அவனுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல." "அவன் காலையில வெறும் வயித்துல நல்லா வேலை செய்வான்." இருட்டறையில் திரைக்குப் பின்னால் அவர் அவனோடு பேசுவதைக் கேட்டுவிட்டு, ஒரு புதிய ஆராய்ச்சி மாணவி, உள்ளே விருந்தாளி இருக்கிறார் போலிருக்கிறது என்று அரைமணி நேரம் வெளியே காத்திருந்தாள்.

இவ்வளவு கண்களை அறுக்கிறவருக்கு ரத்தம் என்றால் ஆகாது என்று சொன்னால் நம்புவீர்களா? முன்பெல்லாம் அவர் இறைச்சிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை. முன்வாசல் அலுவலக அறையில், விலங்குகளின் சத்தம் கேட்காதபடி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெறும் பெட்டி உள்ளே போகும், நிறைந்த பெட்டி வெளியே வரும். அதிலிருந்துதான் எல்லாம் வந்தது.

பக்கத்துக் கண் மருத்துவமனைக்காரர்கள் ஒரு கேள்வியோடு வந்திருந்தார்கள். லேசரை நொடிக்கு அதிக முறை துடிக்கும்படி வைத்தால் சிகிச்சை பாதி நேரத்தில் முடியும், வாசலில் நிற்கும் கூட்டமும் குறையும். ஆனால் ஒரு துடிப்பின் சூடு ஆறுவதற்குள் அடுத்தது விழுமே, பரவாயில்லையா? கண்ணக்கா பன்றிக் கண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு வேகமான லேசர், மறுபாதிக்கு எதுவும் இல்லை. இரண்டு பாதியையும் அவனிடம் காட்டினார். கோடுகள் ஒன்றாகவே இருந்தன. திரும்பத் திரும்பச் செய்தும் ஒன்றாகவே இருந்தன. வித்தியாசம் இல்லையென்றால் காயம் இல்லை என்று எழுதினார், கட்டுரை வெளிவந்தது. மருத்துவமனை லேசரை வேகமாக்கியது.

அந்த வேகத்தில் சிகிச்சை செய்துகொண்டவர்களில் கண்ணக்காவின் தங்கையும் ஒருத்தி. ரொட்டிக் கடையில் அடுப்பு பார்க்கிறவள். அடுப்பைத் திறக்கும்போதெல்லாம் ஆவியில் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும், தட்டுத் தடவித்தான் தட்டை இழுக்க வேண்டும், கையெல்லாம் சூட்டுத் தழும்பு. "அக்கா, இத எடுத்துடலாமா?" என்று கேட்டாள். "தாராளமா எடு, நானே பாத்திருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்றார் அக்கா. முதலில் வலது கண், ஆறியதும் இடது கண் என்று ஏற்பாடு.

வலது கண் ஆறவில்லை. முதல் வாரங்களில் பளிச்சென்று தெரிந்ததாம், கடைத்தெருவின் பலகைகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டு போவாளாம். பிறகு படலத்துக்குள் ஒரு மூட்டம் இறங்கியது. சொட்டு மருந்து கொடுத்தார்கள். சிலருக்கு இப்படி ஆகும், உடல்வாகு என்றார்கள். இடது கண்ணைத் தள்ளிப்போட்டார்கள். தங்கை பழைய மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, அதன் வலப்பக்கச் சில்லைக் கழற்றி எறிந்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். "முன்னாடி அடுப்பத் திறந்தாத்தான் மங்கும். இப்ப திறக்காமலே மங்குது, வேலை மிச்சம்" என்று சிரித்தாள். அக்காவை அவள் சந்தேகப்படவில்லை. அக்காவும் அப்போது தன்னைச் சந்தேகப்படவில்லை.

அப்புறம் ஒரு நாள் அவன் கோளாறு செய்தான். லேசரே படாத கண்களில், அதுவரை பார்த்திராத ஒரு கூர்மையான மேட்டை வரைந்தான். கண்ணக்கா அவனைத் திட்டினார். அளவு பார்க்கிற சிலிக்கன் தகட்டை வைத்துச் சோதித்தார், கண்ணாடிகளைத் துடைத்தார், விளக்கை மாற்றினார். அவனிடம் ஒரு குறையும் இல்லை. மறுநாள் வந்த கண்களில் அந்த மேடு காணாமல்போய்ப் பழைய கோடு திரும்பிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்த ஒருநாள் அளவுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவரால் அது முடியவில்லை. இறைச்சிக்கூடத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த ஒரு நாள் அங்கே என்ன மாறியது என்று கேட்டார்.

"ஒண்ணும் மாறலியேக்கா. பாய்லர் கெட்டுப்போச்சு, வெந்நி இல்ல. அன்னிக்கு தோல உரிச்சே அனுப்பினோம்."

அன்றுதான் முதல்முறையாக உள்ளே போனார். காதில் பாட்டு இல்லாமல் போனார். மயக்கி, அறுத்து, ரத்தம் வடியவிட்டு, உடலைத் தொட்டியில் இறக்குவதை நின்று பார்த்தார். தொட்டித் தண்ணீர் கொதிப்பதில்லை, கை வைத்தால் தோல் வழன்றுவிடுகிற சூடு. மயிர் கழல்வதற்கு அது போதும். நார் வேகவும் அது போதும். உடலைத் திருப்பித் திருப்பி ஊறவிட்டு, வெளியே இழுத்துச் சுரண்டி, தலையை வெட்டி, கடைசியில்தான் கண்ணை எடுத்தார்கள். கத்தி பிடித்திருந்தவர் கண்ணை அவரிடம் நீட்டி, "பெட்டியில போட்றவாக்கா, கையில வாங்கிக்கிறீங்களா?" என்றாராம். கண்ணக்கா கையில் வாங்கிக்கொண்டார். இன்னும் சூடாக இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

நடந்தது இதுதான். லேசர் பட்ட கண்ணும் வெந்தது, லேசர் படாத கண்ணும் வெந்தது. வெந்ததை வெந்ததோடு ஒப்பிட்டு வித்தியாசம் இல்லை என்று எழுதியிருந்தார். வேறு ஊர்க்காரர்கள் வெளியிட்ட கோடுகளோடு தன் கோடுகள் சரியாகப் பொருந்தாததை அவர் கவனிக்காமல் இல்லை. செத்து நேரமான கண், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். எந்தப் பாடப்புத்தகமும் இறைச்சிக்கூடத்தில் எந்த வேலை எந்த வேலைக்குப் பிறகு நடக்கிறது என்று சொல்வதில்லை. போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தொட்டிக்கு முன்னால் எடுத்த கண்களை வைத்து எல்லாவற்றையும் மறுபடி செய்தார். வேகமான லேசர் பட்ட படலங்களில், செதுக்கிய குழியின் நடுவில், நார் வெந்திருந்தது. மெதுவான லேசரில் வேகவில்லை. கோடுகளை அச்செடுத்துத் துறைத் தலைவரிடம் கொண்டு போனார். நானும் கூட இருந்தேன்.

"ஒரு சின்னத் திருத்தம் போட்டுடலாம்" என்றார் தலைவர். "அவசரப்பட வேணாம். மாதிரி எடுத்த முறையில சிறு மாறுபாடுன்னு எழுதுங்க."

"சிறுசு இல்ல சார். முடிவே தலைகீழ். கட்டுரைய மொத்தமா வாபஸ் வாங்கணும்."

"வாங்கினா உங்க பேரு என்னாகும்னு யோசிச்சீங்களா? நம்ம துறை பேரு?"

"அங்க தினமும் படுக்க வெச்சு லேசர் போட்டுட்டு இருக்காங்க சார்."

தலைவர் என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க, நல்ல வார்த்தையாப் பாத்து எழுதிக் குடுங்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில் வாயில் நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. கண்ணக்கா அவருடைய மேசையிலிருந்தே மருத்துவமனைக்குப் பேசி, லேசரை அன்றே மெதுவாக்கச் சொன்னார். கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அடுத்த ஆண்டுக்கான பெரிய திட்டத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். மாணவர்களை வேறு ஆய்வகத்துக்கு மாற்றிவிட்டார்கள். கதவில் பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது.

மருத்துவமனை டாக்டர் நல்ல மனிதர்தான். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஆறுதல் சொன்னார். மூட்டம் விழுந்த சிலருக்கும் மெதுவான லேசர் வைத்திருந்தாலும் விழுந்திருக்கலாம், யார் கண்டது என்றார். கண்ணக்காவுக்கு அந்த ஆறுதல்தான் தாங்க முடியாததாக இருந்தது. "விழுந்திருக்கலாம்தான். விழாமலும் இருந்திருக்கலாம். எதுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அத சொல்றதுக்குத்தானே எனக்குச் சம்பளம் குடுத்து வெச்சிருந்தாங்க" என்று என்னிடம் சொன்னார்.

இத்தனை பேரிடம் சொன்னவர், ஒருத்தியிடம் மட்டும் சொல்லவில்லை. வாபஸ் வாங்கிய அறிவிப்பு ஒரு விஞ்ஞான இதழின் கடைசிப் பக்கத்தில் வந்தது, ரொட்டிக் கடையில் அந்த இதழ் வாங்குவதில்லை. மருத்துவமனை நோயாளிகளுக்கு அனுப்பிய தகவலில், 'இயந்திரத்தின் அமைப்பு மேம்படுத்தப்பட்டுள்ளது' என்று மட்டும் இருந்தது. தங்கைக்குத் தெரிந்தது அவ்வளவே. அக்கா ஞாயிறுதோறும் போவார், சொட்டு மருந்து போட்டுவிடுவார், கதை பேசுவார், திரும்பிவிடுவார். மழைக்காலம் வந்து போய்விட்டது. கேட்டால், "அவ சிரிச்சுக்கிட்டே இருக்கா, எந்த இடத்துல நிறுத்திச் சொல்றது?" என்பார்.

போன வாரம் என் மேசைக்கு வந்து நின்றார். "இடது கண்ணுக்கு வரச் சொல்லி அவளுக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணிட்டாங்க. எங்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கா. நீங்க கூட வர்றீங்களா? தனியா போனா சொல்லாம திரும்பிடுவேன்."

போனேன். ரொட்டிக் கடையின் பின்கட்டு. தாழ்ந்த கூரை, நடுவில் ஒற்றை விளக்கு, ஒரு பக்கம் முழுக்க அடுப்பு. தங்கை மாவுக் கையோடு வந்து, "வாங்க, வாங்க, அக்கா உங்களப் பத்திச் சொல்லாத நாளில்ல" என்று எனக்கு ஒரு முக்காலி போட்டாள். ஒரு பக்கம் சில்லும் ஒரு பக்கம் வெறும் சட்டமுமாக அந்த மூக்குக் கண்ணாடி. முதல் பார்வைக்குச் சிரிப்பு வந்துவிடும். வலது கண்ணின் கருமைக்கு மேல் பால் கலந்தாற்போலிருந்த மூட்டம் எனக்கே தெரிந்தது. கண்ணக்கா அடுப்புக்குப் பக்கத்துச் சுவரோரமாக இருட்டில் ஒதுங்கி நின்றார்.

"என்னக்கா, போகட்டுமா? நீ சரின்னா வியாழக்கிழமையே போய்ப் படுத்துக்கிறேன்."

"போகாத."

"இப்ப மெதுவாத்தான் வெக்கிறாங்களாம். போன்ல சொன்னாங்க."

"அதுக்கில்ல. அப்ப வேகமா வெச்சாங்கல்ல, அது நான் சொல்லி வெச்சது."

தங்கை மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "நீ என்ன டாக்டரா, நீ சொல்லி வெக்கிறதுக்கு?"

"வெக்கலாமான்னு எங்கிட்டதான் கேட்டாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நான் எழுதிக் குடுத்தேன். நான் வெச்சுப் பாத்த கண்ணெல்லாம் ஏற்கனவே வெந்நியில வெந்த கண்ணு. அது எனக்குத் தெரியல. உள்ள போய் ஒரு தடவ பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பயந்துக்கிட்டுப் போகல."

கை நின்றது. "டாக்டர் என் உடம்பு வாகுன்னாரே."

"அதாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"தெரியலம்மா. இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மழைக்கு முன்னாடி."

அடுப்பில் மணி அடித்தது. தங்கை திரும்பிக் கதவைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. இடது பக்கச் சில்லு மங்கிவிட, விரலால் தட்டின் விளிம்பைத் தேடி, சுட்டுக்கொண்டு, உதறி, மறுபடி தேடி இழுத்தாள். நான் எழப்போனேன், கண்ணக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். மூன்று தட்டுகளையும் பலகைமேல் அடுக்கிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தங்கை எங்கள் பக்கம் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்றும் நினைத்தேன். அவள் மாவு ஒட்டிய இடது உள்ளங்கையை மூக்குக் கண்ணாடிக்குள் நுழைத்து, நல்ல கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூட்டம் விழுந்த கண்ணால் மட்டும், சுவரோரம் அக்கா நின்ற திசையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கண்ணக்கா சுவரைவிட்டு நகர்ந்து, விளக்குக்கு நேர்கீழே வந்து நின்று, முகத்தை நிமிர்த்திக் காட்டினார்.